எழுதாத நீட்டுக்கு ஒரு வருஷ ஜெபம்

தில்லியில் ஒரு தமிழ்ச் சபை முழுக்க என்னை நீட் தேர்வில் தோற்றவளாகத்தான் அறிந்திருந்தது. நான் நீட் எழுதவே இல்லை. விண்ணப்பம்கூடப் போட்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் என் பாடமே இல்லை. வரலாறும் அரசியலும் ஜெர்மன் மொழியும் படித்தவள் நான். உயிரியல் படிக்காத பெண் எப்படி மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதுவாள் என்று அத்தனை பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. வாராவாரம் எனக்காக முழங்கால் போட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுக்கு ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பு. அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். இருவருக்கும் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தில்லி. பள்ளியில் இந்தி, வீட்டில் திருநெல்வேலித் தமிழ், ஞாயிற்றுக்கிழமை வேதாகமத் தமிழ் என்று மூன்று மொழிக்காரி. என் வயதுப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்கு வரும் என்றால் அதற்குக் காரணம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள்தான். அந்த வகையில் சபைக்கு நான் கடன்பட்டவள். கோபப்படும்போதும் நியாயமாகப் பேச வேண்டும் இல்லையா, அதனால் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் சபைக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு பெரிய தேவாலயத்தில் காலையில் இந்திக்காரர்கள் ஆராதனை நடத்திவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபின் நண்பகல் வாக்கில் நாங்கள். அதில் நீண்ட ஜெபம் செய்வது சபைச் செயலர். ஓய்வு பெற்ற அதிகாரி. எல்லோரும் அவரை செக்ரெட்டரி அங்கிள் என்பார்கள். எந்தக் காகிதமும் இல்லாமல், சபையில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இடமாற்றம், யாருடைய பெண்ணுக்கு வரன் வரவில்லை என்பதையெல்லாம் வரிசையாகக் கர்த்தரிடம் ஒப்புவிப்பார். ஒரு தடவை அவர் நினைவில் ஏறிவிட்டால் லேசில் இறங்க முடியாது.

பன்னிரண்டாம் வகுப்புக் கடைசியில் ஜெர்மன் டீச்சர்தான் அந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். பள்ளி முடித்தவர்கள் ஒரு வருஷம் ஜெர்மனிக்குப் போய்த் தொண்டு வேலை செய்யலாம். தங்குவதற்கு அறை, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். திரும்பி வந்து கல்லூரியில் சேர்ந்துகொள்ளலாம். எனக்கு அன்றைக்கே கால் தரையில் நிற்கவில்லை. படிப்பு, டியூஷன், பரீட்சை, மறுபடி படிப்பு என்று நர்சரியிலிருந்து நிற்காமல் ஓடியவள், ஒரு வருஷமாவது வேறு எதையாவது செய்யக்கூடாதா?

கூடாது என்பதுதான் ஊர்ப் பதில். எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் ஒரு பையன் இரண்டு வருஷமாகக் கல்லூரியில் சேராமல் ‘ட்ராப்’ எடுத்து நீட் கோச்சிங் போய்க்கொண்டிருந்தான். அவன் படிக்கிறான் என்பதற்காக மாடிப்படியில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். அவனுக்கு யார் வீட்டிலிருந்தாவது பாதாம் போகும். ட்ராப் எடுத்தால் அது தவம். என்னைப் போல ‘கேப்’ எடுத்தால் திமிர். இரண்டும் அதே ஒரு வருஷம்தான். அறைக்குள் உட்கார்ந்து சரியான விடைக்கு வட்டம் போட்டால் அந்த வருஷம் உருப்படி. வெளியே போய் மனிதர்களைப் பார்த்தால் வீண்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அங்க போயி என்ன வேலைட்டி பாப்பே?”

“நடக்க முடியாதவங்க இருக்கற ஹோம்மா. குளிக்க வைக்கணும், டிரெஸ் மாத்தணும், சாப்பாடு குடுக்கணும்.”

அம்மாவின் கை நின்றது. “வேற வேலையே கெடைக்கலியா ஒனக்கு?” என்றாள். அப்புறம் கீரையைப் பார்த்தபடியே, “அப்பாட்ட கேளு” என்று முடித்துவிட்டாள்.

அப்பா எதிலும் பின்னாளைய உபயோகத்தைப் பார்க்கிறவர். “ஒரு வருசந்தானே. லாங்குவேஜ் நல்லா வரும். பின்னாடி யூஸ் ஆவும்” என்றார். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு அம்மா மறுக்கவில்லை. சாணக்யபுரியில் தூதரகத்துக்கு விசாவுக்குப் போன அன்றைக்கு என் சுடிதாரை அவளே தேய்த்துக் கொடுத்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“போட்டோ கீட்டோ ஒண்ணும் போடக்கூடாது. கண்ணு பட்டுரும்.”

அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கண்ணேறு நம்பிக்கை கிடையாது. பூசணிக்காய் உடைக்கிறவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிற குடும்பம். ஆனால் விமானம் ஏறப்போகிற குதூகலத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பள்ளித் தோழிகளுக்கு மட்டும் தனியாகப் படங்கள் அனுப்பினேன். அவர்களுக்கும் சபைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் போன இடம் சின்ன நகரம். தெருவில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்தால் ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கும். இரவுச் சாப்பாடு என்று ஆறிப்போன ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைப்பார்கள். அழுகை வந்தது. ஒரு மாதம் வந்தது, பிறகு நின்றது. இல்லத்தில் என் பொறுப்பில் இருந்தவர் நடுவயதுப் பெண்மணி. இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. நல்ல கனம். வாயும் நல்ல வாய். தண்ணீர் கொஞ்சம் சூடாக இருந்தால் போதும், என் ஜெர்மனையும் சேர்த்துத் திட்டுவார். அவரிடம் திட்டு வாங்கித்தான் என் ஜெர்மன் திருந்தியது.

முதல் வாரம் முழுக்க எனக்கு ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாரையும் உன் முதுகால் தூக்காதே. தூக்குவதற்கு ஒரு மிஷின் இருந்தது. உடம்புக்கு அடியில் துணித் தொட்டிலைச் செருகி, கொக்கிகளை மாட்டி, பொத்தானை அழுத்தினால் அவரை அலுங்காமல் கட்டிலிலிருந்து நாற்காலிக்குக் கொண்டுபோகும். ஒரு நாள் அவசரத்தில் நானே கையால் தூக்கப் போனேன். பொறுப்பாளர் ஓடிவந்து தடுத்தார். “உன் முதுகு இங்கே வேலைக்கு எடுக்கப்படவில்லை” என்றார்.

எனக்கு உடனே எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவு ஞாபகம் வந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அம்மாவின் இடுப்பு பெல்ட் தொங்கும். பெரிய, சாம்பல் நிற பெல்ட். டூட்டிக்குப் போகும்போது சேலைக்கு உள்ளே யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொள்வாள். சின்ன வயதில் எல்லா அம்மாக்களும் அதைக் கட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அங்கே போய்ச் சில மாதங்கள் ஆனபின் ஒரு ஞாயிறு. காலை உணவுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். சபை ஆராதனையை இப்போதெல்லாம் யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள். ஊர் ஞாபகத்தில் செல்போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். செக்ரெட்டரி அங்கிளின் ஜெபம் தொடங்கியது. காய்ச்சல்காரர்கள் முடிந்து, இடமாற்றக்காரர்கள் முடிந்து, அவர் குரல் கொஞ்சம் உருகியது.

“பாளையங்கோட்டையிலே உறவினர் வீட்டிலே தங்கி, நீட் பரீட்சைக்காக இராப்பகலாய்ப் பிரயாசப்படுகிற எங்கள் சிஸ்டருடைய ஒரே மகளை நினைத்தருளும் ஆண்டவரே. அவளுடைய ஞாபகசக்தியை விருத்தியாக்கும். அவளை ஒரு டாக்டராக்கி, அவள் தாயாருடைய கண்ணீரைத் துடைத்தருளும்.”

யாரடா இந்தப் பாவப்பட்ட பெண் என்று நானும் ஒரு கணம் இரக்கப்பட்டேன். எங்கள் சபையில் சிஸ்டர்கள் நிறைய. ஆனால் பாளையங்கோட்டையில் உறவினர் வீடு, ஒரே மகள் என்றால்? கையில் ஜாம் ஒட்டியிருக்க, கத்தியைக் கீழே வைத்தேன். கேமரா பெண்கள் பக்கம் திரும்பியது. அம்மா முக்காடு போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சபை மொத்தமும் ஆமென் சொன்னது. அம்மாவும் சொன்னாள்.

அன்று மாலை போன் போட்டேன்.

“நான் நீட் படிக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கியாம்மா?”

“சித்தி வீட்ல இருந்து படிக்கான்னு சொல்லிருக்கேன். வேற என்னத்தச் சொல்ல?”

“ஜெர்மனில இருக்கான்னு சொல்லேன்!”

“ஜெர்மனில என்ன பண்ணுதான்னு கேப்பாவளே.”

“அதையும் சொல்லு!”

“மெள்ளப் பேசுட்டி, பக்கத்துல ஆண்ட்டி இருக்கா” என்று போனை வைத்துவிட்டாள்.

நேர்மையாகக் கேட்கிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் திருடப் போனேனா, ஓடிப்போனேனா? சபையில் ஒரு பையன் மேற்படிப்புக்குக் கனடா போனபோது முன்னால் நிறுத்தி ஸ்தோத்திரம் சொன்னார்கள், கேக் வெட்டினார்கள். அவன் அங்கே என்ன படித்தான் என்று அவனுக்கே தெளிவில்லை. நான் ஒரு மனுஷியைத் தினமும் குளிப்பாட்டித் தலைவாரி வெயிலில் உட்கார வைத்தேன். என்னைக் கொண்டுபோய்ப் பாளையங்கோட்டையில் ஒளித்து வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நேரலையைத் திறக்கவே இல்லை.

வருஷம் முடிந்து ஜூன் மாதம் தில்லிக்கு வந்து இறங்கினேன். லூ அடித்துக்கொண்டிருந்தது. தோலைத் தீய்க்கிற அந்தக் காற்றுகூட எனக்கு இதமாகத்தான் பட்டது, சபைக்குப் போகும் வரை. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

“எவ்ளோ ஸ்கோரும்மா?”

“பரவால்ல விடு, இன்னொரு ட்ராப் எடுத்தா போச்சு. ஜெபத்துல வெச்சிருக்கோம்ல.”

ஒரு ஆண்ட்டி மட்டும் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “அச்சா, பாளையங்கோட்டை வெயில்ல ஒரு வருஷம் இருந்தும் கறுக்கவே இல்லியே!”

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நாடி பார்க்கிற அதே இடத்தில், அதே மூன்று விரல். எதிரே இருப்பவர்கள் கண்ணுக்குப் பாசம் மாதிரித் தெரிந்திருக்கும். எனக்கு வலித்தது. “அம்மாவுக்காக விடும்மா” என்றார் அப்பா மெட்ரோவில் வரும்போது. அம்மாவுக்காக ஏன் விட வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

சபைதான் இப்படி என்றால் சர்க்காரும் அப்படியே. கல்லூரியில் இடம் கிடைத்தது. நான் கேட்ட வரலாறுதான். சேர்க்கையின்போது, நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போனவர்கள் அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்றார்கள். அப்பா என்னைக் கோர்ட் வாசலுக்கு அழைத்துப் போனார். மரத்தடியில் டைப் அடிக்கிறவர் ஒருவர் மேஜை போட்டிருந்தார். நான் வருஷத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஜெர்மனி, இல்லம், வேலை. அவர் இரண்டு வாக்கியத்துக்கு மேல் கேட்கவில்லை.

“பேட்டி, ஸால் பர் கர் பெ தீ. பஸ்.”

வருஷம் பூராவும் வீட்டில் இருந்தாய், அவ்வளவுதான். அவரிடம் அந்த வாசகம் ஏற்கெனவே தயாராக இருந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதும். நாட்டில் கேப் எடுத்த எல்லோரும் வீட்டில் இருந்தார்களாம், எந்தச் சட்டவிரோதச் செயலிலும் ஈடுபடவில்லையாம்.

“மை(ன்) கர் பெ நஹீ(ன்) தீ, பையா” என்றேன். வீட்டில் இல்லை நான்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். “ஃபார்மேட்ட மாத்தாதம்மா. மாத்துனா அவன் ஒரு கேள்வி கேப்பான், இவன் ஒரு கேள்வி கேப்பான். அட்மிஷன் நின்னுரும்.” முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மனிதர். உலகத்தில் நடப்பது ஃபார்மேட்டுக்குள் வராவிட்டால் நடந்ததைத்தான் அவர் சந்தேகப்படுவார். கையெழுத்துப் போட்டேன். போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. அந்த டைப்காரர் ‘ஜல்தி ஜல்தி’ என்றபடி இன்னொரு காகிதத்தை எடுத்து அதே பொய்யை அழகாக மறுபடி அடித்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த அம்மா, வரும் ஞாயிறு சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்கப் போவதாகச் சொன்னாள். எங்கள் சபை வழக்கம் அது. வேலை கிடைத்தால், பிள்ளை பிறந்தால், கல்லூரியில் இடம் கிடைத்தால் குடும்பமாக முன்னால் போய் நிற்க வேண்டும். செயலர் காரணத்தை அறிவித்து ஜெபிப்பார்.

“என்ன காரணம் சொல்லப்போறார்?” என்று கேட்டேன்.

“நீட்ல கெடைக்காட்டியும் நல்ல காலேஜ்ல எடம் கெடைச்சதுக்காவன்னு சொல்லச் சொல்லிருக்கேன்.”

எனக்குத் தலைக்கு ஏறியது. எழுதாத பரீட்சையில் தோற்றதற்கு நான் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டுமா? கத்தினேன். கர்த்தர் சமூகத்தில் பொய் சொல்கிறாய் என்றேன். என் வருஷத்தைத் திருடிவிட்டாய் என்றேன். அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து சேலையை நெகிழ்த்தி, பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெல்ட்டின் ஒட்டுப்பட்டை பிரியும்போது பறபறவென்று சத்தம் வரும்.

“நான் பாக்க வேலைய என் பிள்ள பாக்கக்கூடாதுன்னுதான் டபுள் டூட்டி பாத்து ஒன்ன அந்த ஸ்கூல்ல சேத்தேன். நீ பிளேன் ஏறிப் போயி பெட்பேன் கழுவிட்டு வந்திருக்கே. அதுவும் சம்பளங்கூட இல்லாம. இத நான் எந்த வாயால சொல்ல?”

“அதுல என்னம்மா கேவலம்? நீ பண்ற வேலைதானே?”

“கேவலம்னு நான் சொன்னேனா? பாக்கவங்க கண்ணு எனக்குத் தெரியாதா? எங்க கல்யாணப் பத்திரிகைய எடுத்துப் பாரு. அப்பா பேருக்குக் கீழ அவிய வேல இருக்கும். எம் பேருக்குக் கீழ ஒண்ணும் இருக்காது. நர்சுன்னு போட்டா நல்லாருக்காதுன்னு எடுத்துட்டாவ. நான் அப்பவே இங்க வேல பாத்துட்டுதான இருந்தேன்.”

அப்பா ஜன்னலை ஏற்கெனவே சாத்தியிருந்தார். ஆனாலும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பத்திரிகையை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அம்மா பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்ததை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. அவளுடைய தம்பி தங்கைகள் அத்தனை பேரும் அவள் சம்பளத்தில்தான் படித்தார்கள். அந்தச் சம்பளத்தை யாரும் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. அது எந்த வேலையில் வந்தது என்பதைத்தான் மறைத்தார்கள். அவளை மறைத்தார்கள், அவள் என்னை மறைத்தாள். கோபத்தை யார் மேல் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அது குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்னால் நின்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மெட்ரோவில் போகும்போது மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். நல்ல தமிழில், தடுமாறாமல், மூன்று வாக்கியம். ஆராதனை நடுவில் எங்களை அழைத்தார்கள். நாங்கள் மூவரும் முன்னால் போய் நின்றோம். செக்ரெட்டரி அங்கிள் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

“நீட் என்கிற வாசலை நீர் அடைத்தீர் ஆண்டவரே. ஆனாலும் உம்முடைய பிள்ளைக்கு...”

“அங்கிள், ஒரு நிமிஷம்” என்றேன்.

அவர் ஜெபத்தின் நடுவில் அதுவரை யாரும் குறுக்கிட்டதில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். மைக் என் பக்கம்தான் இருந்தது.

“நான் நீட் எழுதவே இல்ல.”

பின் வரிசையில் வாலிபப் பிள்ளைகள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“எழுதலியா?” அங்கிளின் குரல் ஜெபத் தமிழிலிருந்து சட்டென்று இறங்கியது. “அப்போ ஒரு வருஷமா நாங்க யாருக்கும்மா ஜெபம் பண்ணினோம்? எங்கதான் இருந்தே நீ?”

அடுத்த இரண்டு வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பக்கம் முதல் வரிசைகளில் பாதிப் பேர் நர்சுகள். இரவு டூட்டி முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், மதிய டூட்டிக்கு இங்கிருந்தே போகப்போகிறவர்கள். நான் இப்போது பெட்பேன் என்று சொன்னால் அது என் கதையாக மட்டும் இருக்காது. பத்திரிகையிலிருந்து அவள் பெயருக்குக் கீழே அழித்ததை அவளைக் கேட்காமல் நான் மைக்கில் வாசிப்பதாக ஆகும். இவ்வளவு தூரம் வந்து வாயடைத்து நிற்கிறேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அம்மா மைக்கை வாங்கினாள். சபையில் அவள் பேசி நான் பார்த்ததே கிடையாது. ஜெபக் குறிப்பைக்கூட வாசலில் வைத்து அங்கிள் காதில்தான் சொல்லுவாள்.

“ஜெர்மனில இருந்தா” என்றாள். “நடக்க முடியாதவங்களக் குளிப்பாட்டி, பீத்துணி மாத்தி, சோறு ஊட்டி விடுத வேல. நாங்க பாக்க வேலதான்.” அங்கிள் பக்கம் திரும்பினாள். “நாந்தான் பொய் சொன்னேன். அவ சொல்லல. அவளுக்கு அதச் சொல்லதுல வெக்கமும் இல்ல.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். கர்த்தரிடம் அரைமணி நேரம் தங்குதடையில்லாமல் பேசக்கூடிய செக்ரெட்டரி அங்கிள் அன்று ஒரே வார்த்தையில் முடித்தார். “ஆமென்” என்றார். சபையும் ஆமென் என்றது. எதற்கு என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆராதனை முடிந்து வெளியே சமோசாவும் டீயும். ஆண்கள் பக்கம் என்னை யாரும் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் அப்பாவிடம், “ஐரோப்பா போயும் எம்.எஸ். பண்ணாம வந்துட்டாளே” என்று துக்கம் விசாரித்தார். அப்பா, “வேலைக்குப் போனா. பாத்துட்டு வந்துட்டா” என்று மட்டும் சொன்னார். அவர் கோப்பில் இல்லாத ஒன்றைச் சொன்னது அன்றைக்குத்தான்.

நர்சு ஆண்ட்டிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வருஷமாக என் ஞாபகசக்திக்காக ஜெபித்தவர்கள். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது வேறு.

“பேஷண்ட் வெயிட்டா இருந்தாங்களா?”

“நல்ல வெயிட் ஆண்ட்டி.”

“தனியாவா தூக்குனே? கூட ஆள் உண்டா?”

“அங்க கையால தூக்கவே கூடாது ஆண்ட்டி. மிஷின் இருக்கு. பட்டன அமுக்கினா அதுவே தூக்கி சேர்ல உக்கார வெச்சிடும். நான் ஒரு தடவ கையால தூக்கப் போனதுக்கே திட்டினாங்க. உன் முதுகை நாங்க வேலைக்கு எடுக்கலன்னு.”

ஒரு ஆண்ட்டி டீ டம்ளரை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தான் அப்படிச் செய்ததை அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அவர் சேலைக்கு மேலே ஒரு தடிப்பு தெரிந்தது. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவருக்கும் இருந்தது. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற அதே பெல்ட்.

“நெசமாவா, அப்படி ஒரு மிஷினா?” என்றார் இளையவர் ஒருவர். “நம்ம வார்டுக்கெல்லாம் அது எப்ப வருமாம் சிஸ்டர்?” என்று அம்மாவைப் பார்த்தார்.

அம்மா சமோசாவைக் கடித்து மென்று விழுங்கினாள்.

“வந்து எவ்வளவோ வருசமாச்சே. இங்க நாமதாம்ட்டி மிஷின்” என்றாள்.

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தர் சிரித்ததில் டீ சிந்தியது. அம்மாவும் சிரித்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டே. அவர்களுக்கு நடுவில் சிரிக்க முடியாமல் நின்றது நான் ஒருத்திதான்.